வண்டி வந்தால் இறங்குகிறவர்

மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் இருப்பவருக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. தேயிலைச் சரிவை ஒட்டிய மண்ரோட்டில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்கும் வண்டி சட்டென்று ஓரம் கட்டும். அது கப்சாய், முன்னால் உயரமான டாங்கு இல்லாத சின்ன மோட்டார். காலை முன்பக்கமாகவே எடுத்துவிடலாம். தங்கராஜு எடுத்துவிடுவார். மறுநொடி அவர் கீழே நிற்பார். ஓட்டுகிறவர் இல்லாத வண்டியின் மேல் நான் மட்டும் தள்ளாடிக்கொண்டிருப்பேன். ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தலையிலிருக்கும் கம்பளித் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொள்வார். வளைவில் எஸ்டேட் நிர்வாகத்தின் வெள்ளை ஹைலக்ஸ் வண்டி வரும், போகும். புழுதியோ சேறோ, அந்தந்தக் காலத்துக்கு உரியது எங்கள் மேல் விழும். அதற்கப்புறம்தான் தொப்பி தலைக்குத் திரும்பும்.

முதல் தடவை நான் கத்தியே விட்டேன். "என்ன தங்கராஜு இது! ஆளைக் கொன்னுடுவீங்க போலிருக்கே!"

"தொரை வண்டி, வாத்தியாரே."

"தொரையா? வெள்ளைக்காரன் மூட்டையைக் கட்டிட்டுப் போயி எவ்வளவு காலம் ஆச்சு! உள்ள இருக்கிறது ஜொகூர்லேருந்து வந்த மலாய்க்கார மேனேஜர். அவரே எறங்க வேணாம்னு கையாட்டிட்டுப் போறாரு."

"தொரை இல்லதான். வண்டி இருக்குல்ல," என்றவர் மறுபடி ஏறி உட்கார்ந்தார். "கெட்டியா புடிச்சுக்குங்க லா, பெரட்டுக்கு நேரமாச்சு."

பெரட்டு என்றால், விடிந்தும் விடியாமலும் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் களம். நான் தெலுக் இந்தானிலிருந்து மாற்றலாகி வந்த எஸ்டேட் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். என் கார் என்னிடம் இருப்பதைவிட ரிங்லெட் பட்டறையில் இருப்பதுதான் அதிகம். மலையைக் கண்டாலே அதற்கு ஏதாவது வந்துவிடும். தங்கராஜுவும் என்னைப் போல ரிங்லெட்டில் குடியிருப்பவர். எனவே அவர் பெரட்டுக்குக் கிளம்பும்போதே நானும் தொற்றிக்கொண்டு போய், பள்ளி திறக்கும் வரை குளிரில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஓசிச் சவாரிக்காரன் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்வேன். என் சுபாவம் அப்படி.

தங்கராஜுவுக்கு அறுபது நெருங்குகிறது. ஒல்லி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டும் ஒல்லி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அந்தத் தொப்பியில் சிவப்பாக ஒரு ஸ்ட்ராபெர்ரி பின்னியிருக்கும். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் கோலாலம்பூரிலிருந்து சுற்றிப்பார்க்க வரும் பிள்ளைகளுக்காகத் தொங்கவிடுவார்களே, அதேதான். "பெரியாளு சைஸு எனக்கு நிக்க மாட்டேங்குது, தலை சின்னது," என்பார். சட்டைப் பையில் புகையிலை இருக்கும். மெல்லுவதற்கல்ல, அட்டைக்கு. மழை நாளில் தன்னிடம் வேலை செய்கிறவர்களின் காலை அவரே குனிந்து பார்த்து, ஒட்டியிருக்கும் அட்டையின் மேல் புகையிலைச் சாற்றைப் பிழிந்துவிடுவார். தன் காலைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்குப் போய்த்தான்.

ஆபீஸ் கணக்கில் அவர் சூப்பர்வைசர். ஊர் வாயில் கங்காணி. அவருக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் வங்காளதேசத்து ஆண்கள். கொழுந்தைக் கையால் கிள்ளிய காலம் போய், கத்தரி வந்து, இப்போது இருபுறமும் இருவர் தூக்கிப் பிடிக்கும் மெஷின் வந்துவிட்டது. தமிழ்ப் பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவதில்லை. வர வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். அந்த வங்காளதேசத்து ஆட்களிடம் தங்கராஜு ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பெருநாள் வந்தால் அவர் மனைவி ஜெயா ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பாயசம் காய்ச்சிக் கொடுத்தனுப்புவார். "பெத்தவங்களையும் பெத்ததையும் விட்டுட்டு வந்து கெடக்குறானுங்க, வேற யாரு இருக்கா?" என்பார் அந்த அம்மாள்.

மனிதர் இவ்வளவு நல்லவராக இருந்தும் எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்ததற்குக் காரணம் அந்தப் பணிவுதான். ஆபீஸிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் காதில் வைப்பார். "உங்க தொப்பி போன்ல தெரியவா போகுது?" என்று கேட்டேன். "தொப்பி தெரியாது, வாத்தியாரே. கொரல்ல தெரிஞ்சிரும்," என்றார். நாற்காலி போட்டால் விளிம்பில் மட்டும் உட்காருவார், எந்த நேரமும் எழுந்துகொள்ளத் தோதாக. எங்கள் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து சுவரோரம் நின்றே கேட்டுவிட்டுப் போன மனிதர் அவர் என்று பழைய ஆசிரியர்கள் சொல்வார்கள்.

ஒரு நாள் ரிங்லெட் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்து, விடாப்பிடியாகக் கேட்டுவிட்டேன். அப்படி என்னதான் பயம்? அவர் தேநீரின் நுரையை ஊதி ஒதுக்கிக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

"எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். நல்ல காய்ச்சல். எங்கப்பா என்னைய சைக்கிள்ல முன்கம்பியில உக்கார வச்சி, இந்த ரிங்லெட்டுக்குத்தான் கூட்டியாந்து மருந்து வாங்கிட்டுத் திரும்புறாரு. நான் அவரு கைமேலயே சாஞ்சி தூங்கிட்டேன். எதுக்க தொரை ஜீப்பு. சைக்கிள்ல போறவன் எறங்கி நிக்கணும், கொடை புடிச்சிருந்தா மடக்கணும், அதான் சட்டம். எறங்குனா புள்ள விழுந்துருவான்னு அப்பா எறங்கல. ஓரமா மெதுவா ஓட்டிட்டுப் போயிட்டாரு. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"மறுநா பெரட்டுல அந்த சைக்கிளத் தூக்கித் தலைமேல வச்சிக்கிட்டு நிக்கச் சொன்னான். எல்லாரும் வேலைக்காட்டுக்குப் போயி, கொழுந்தெடுத்து, எடை போட நெறுவைக்குத் திரும்பி வர்ற வரைக்கும். எங்கம்மாவும் அந்த வழியாத்தான் கூடையோட போவணும். பாக்காத மாரி போனாங்க. பாத்தா அவங்களுக்கும் சேத்து தண்டன விழும்ல!"

"அடிச்சானா?"

"எங்கப்பாவ அடிக்கல. அடி வாங்குனது தாத்தா. அவரு இங்கேருந்து ஓடிப் போயி அடிவாரத்துல, தாப்பாவுல மாட்டுனவரு. கங்காணி கையக் கட்டி, மலை ரோடு முழுக்க நடத்தியே திருப்பிக் கூட்டியாந்தாராம். மரத்துல கட்டி வெளாசுனாங்களாம். சாகுற வரைக்கும் குப்புறத்தான் படுப்பாருன்னு அப்பா சொல்வாரு. அதுக்கு எங்கப்பா தேவல. சைக்கிளக் கீழ எறக்குனதுக்கு அப்புறம் கழுத்துதான் திரும்பல. பின்னால கூப்புட்டா ஒடம்போட திரும்புவாரு." மீதித் தேநீரை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். "நான் தூங்காம இருந்திருக்கணும், வாத்தியாரே. முழிச்சிருந்தா அவரு எறங்கியிருப்பாருல்ல?"

கூலி என்று பெயர் மாற்றிவிட்டால் அடிமைத்தனம் இல்லையென்று ஆகிவிடுமா? ஆறிப்போன தேநீரோடு அந்தக் கடையில் எனக்கு யார்மேலோ வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. காட்ட ஆளும் இல்லை. ஜீப்பில் போனவன் எந்த ஊர்க் கல்லறையில் கிடக்கிறானோ! ஏழு வயதுப் பிள்ளையின் காய்ச்சல் தூக்கம் மட்டும் இத்தனை வயதாகியும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டிருக்கிறது. "தப்பு உங்க மேல இல்லங்க," என்றேன். அவர் தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அந்தச் சைக்கிள் சம்பவத்துக்குப் பிறகு அப்பா அவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: "சத்தம் கேட்டதும் எறங்கிடு சாமி. எறங்குறதுல நம்ம ஒண்ணும் கொறஞ்சிட மாட்டோம்." அதைத்தான் அவர் இன்னும் செய்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஒரு மாலை நாங்கள் மோட்டாரில் இறங்கி வரும்போது, எதிரே இன்னொரு கப்சாயில் ஏறி வந்த ஆள் எங்களைக் கண்டதும் வண்டியை நிறுத்தி இறங்கி, நெற்றியில் கைவைத்து நின்றான். மொனிர் என்று பெயர். ஊரில் இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்துவிட்டு, எங்கேயோ ஒரு காய்கறித் தோட்டத்தில் ரப்பர் குழாயால் அடி வாங்கி, எப்படியோ தப்பித்து இந்த எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தவன். தங்கராஜுவின் ஆட்களில் நன்றாகத் தமிழ் பேசுகிறவன் அவன்தான்.

"இதை யாரு இவனுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"நான்தான். எல்லாருக்குமே சொல்லியிருக்கேன், தொரை வண்டி வந்தா எறங்குன்னு. ஊருக்குப் புதுசு, பாவம். எவன்கிட்டயாவது மாட்டிக்கக் கூடாதுல்ல?"

"உங்க வண்டிக்கும் எறங்குறானே?"

அவர் சிரித்தார். "அது அவனா செய்யுறது லா."

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. சொல்லவும் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் போன வருடம் யுவனேஸ்வரி வந்தாள். தங்கராஜுவின் ஒரே மகள். செர்டாங் பல்கலைக்கழகத்தில் தோட்ட நிர்வாகம் படித்து, கடல் தாண்டி சபா மாநிலத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், இந்த எஸ்டேட்டில் உதவி மேனேஜராக வந்து சேர்ந்தாள். பழைய வழக்கப்படி சொன்னால் சின்னத் துரை. செய்தி வந்த அன்று தங்கராஜு ரிங்லெட் கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தன் கைக்காசில் லட்டு வாங்கிக் கொடுத்தார். "எம்மவ தொரைமாரு இருந்த வெள்ளைப் பங்களாவுல இருக்கப்போறா, வாத்தியாரே!" என்று அன்று அவர் போட்ட சத்தத்தை அதற்கு முன்பு நான் கேட்டதே இல்லை.

அவள் பொறுப்பேற்ற மறுநாள் காலை, வளைவில் ஹைலக்ஸ் வந்தது. வண்டி ஓரம் கட்டியது. காலை எடுத்தார், இறங்கினார், தொப்பி நெஞ்சுக்குப் போனது. ஓட்டுகிறவள் மகள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டதை நான் பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை. அவர் வழக்கம்போல ஏறி உட்கார்ந்து, "நல்லா ஓட்டுறா, இல்ல?" என்றார். அட மனுஷா!

மாலையில் அவள் பெற்றோர் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் என் குடையை மறந்து விட்டுப்போயிருந்தேன். அதை எடுக்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

"எனக்காக எறங்குனீங்களா, வண்டிக்காக எறங்குனீங்களா?"

"வண்டிக்குத்தாம்மா. உனக்கு எதுக்கு நான் எறங்கணும்?"

"வண்டிக்குள்ள நான்தானே அப்பா இருக்கேன்! கூட வேலை செய்யுறவங்க என்ன நெனைப்பாங்க? பெத்த அப்பாவ சேத்துல நிக்க வச்சிட்டுப் போறா பாருன்னு சொல்ல மாட்டாங்களா? நான் சபாவ விட்டு எதுக்கு வந்தேன்? நீங்க ரெண்டு பேரும் என் பங்களாவுல, என் கூட உக்காந்து சாப்பிடணும்னுதான் வந்தேன். நேத்து கொழம்பு கொண்டு வந்தப்பகூட பின்னால குசினிப் பக்கமா வந்து குடுத்துட்டுப் போனீங்க."

"பூட்ஸெல்லாம் சேறும்மா..."

"இன்னொரு வாட்டி எனக்கு எறங்குனீங்கன்னா, நான் சபாவுக்கே திரும்பிப் போயிடுவேன். சும்மா சொல்லல."

ஜெயா இருவருக்கும் நடுவில் தேநீரை வைத்தார். மகளைப் பிரிந்து இருந்த காலத்தில் அந்தத் தம்பதி பட்ட பாடு எனக்குத் தெரியும். சபாவில் மழை என்று செய்தியில் சொன்னால் தங்கராஜு அன்று சரியாகச் சாப்பிட மாட்டார். இப்போதுதான் பிள்ளை மலைக்குத் திரும்பி வந்திருக்கிறது. இறங்காமல் இருப்பது ஒன்றுதான் அவர் செய்ய வேண்டியது. அதுவும் செய்வது அல்ல, செய்யாமல் இருப்பது.

அவரால் முடியவில்லை. முயன்று பார்த்தார், அது வேறு விஷயம். சத்தம் கேட்டதும் ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். கால் தானாக வெளியே வந்துவிடும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். தூரத்தில் ஹைலக்ஸின் உறுமல் கேட்டதுமே மோட்டாரைத் தேயிலை வரிசைகளுக்கு இடையில் இருக்கும் ஒற்றையடிப் பாதைக்குள் திருப்பிவிடுவார். என் தொடையெல்லாம் செடி கீறும். "எறங்கல பாத்தீங்களா?" என்பார் பெருமையாக. நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். அவர் இப்படி ஒளிந்து விளையாடுவதை மகளும் கண்டுகொண்டாள்; கண்டும் காணாமல் விட்டாள். வீட்டில் சமாதானம் நிலவியது. ஆனால் தன்னிடம் வேலை செய்கிறவர்களிடம், இனிமேல் இறங்க வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, எங்களில் யாருக்குமே தோன்றவில்லை.

நவம்பர் மழையில் மண்ரோட்டின் ஓரங்கள் ஊறிப்போய் இருந்தன. மொனிர் மெஷினுக்கு வேண்டிய பெட்ரோல் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொழிற்சாலைக்குக் கீழே இருக்கும் வளைவில் இறங்கிக்கொண்டிருந்தான். எதிரே ஹைலக்ஸ். மோட்டாரை நிறுத்தி இறங்கினான். நெற்றிக்குக் கை போனது. வண்டிக்குத் தாராளமாக வழி விடலாம் என்று மோட்டாரையும் இழுத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தான். ஓரத்து மண் அப்படியே பெயர்ந்தது. சலாம் வைத்த கையோடு ஒரு மனிதன் தன் கண்முன்னால் காணாமல் போனதை யுவனேஸ்வரி வண்டிக்குள்ளிருந்து பார்த்தாள்.

அவளே சரிவில் இறங்கி, மோட்டாருக்கு அடியிலிருந்து அவனை இழுத்து, ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கிப் போட்டுக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். கீழ்க்கால் எலும்பு முறிந்திருந்தது. விலாவிலும் நல்ல அடி. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, உடம்பெல்லாம் சேற்றோடு நேராக ரிங்லெட் வீட்டுக்கு வந்தாள். செய்தி கேட்டு நானும் அங்கேதான் இருந்தேன். தங்கராஜு வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்னைப் பாத்துட்டுத்தான் விழுந்தான்," என்றாள். "எதுக்குடா எறங்குனன்னு வண்டியில கேட்டேன். வலியில அழுவுறான், ஆனா பதில் மட்டும் தமிழ்ல சொல்றான். 'தொரை வண்டி வந்தா எறங்கணும்.' உங்க பேச்சு அப்படியே!"

அவர் நிலையை விட்டுவிட்டு அவளை நோக்கி ஓர் அடி வைத்தார்.

"நான் வண்டி எடுத்தா எவனாச்சும் விழுவான். இங்க எனக்கு வேலை வேணாம். சபாவுக்குப் போன் பண்ணிட்டேன், அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க." ஜெயா கையைப் பிடித்ததை மெதுவாக விலக்கிவிட்டு அவள் போய்விட்டாள். போகும்போது அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. அதற்கப்புறம் அவரோடு பேசவும் இல்லை. பெரட்டில் பார்த்தால், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி அவருக்கு வேலை சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவே தங்கராஜுவுக்குத் துணிவு வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெயா சமைத்துக் கொடுத்த மீன் குழம்பும் சோறும் அடங்கிய அடுக்குப் பாத்திரத்தோடு என் வாசலில் வந்து நின்றார். "வாத்தியாரே, கூட வாங்க. தனியா போவ பயமா இருக்கு."

அன்று அதிசயமாக என் கார் ஓடியது. ஏரிக்கரையைத் தாண்டும் வரை பாத்திரத்தை மடியில் இறுகப் பிடித்திருந்தார். பிறகு, நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"அடி படாம இருக்கட்டும்னுதான் சொல்லிக் குடுத்தேன். சாமி சத்தியமா அதுக்குத்தான்."

"தெரியும்."

"முழுசாத் தெரியாது, வாத்தியாரே. அவனுங்க எனக்கு எறங்கி நிப்பானுங்கல்ல? வேணாம்டான்னு நான் ஒரு நாள்கூடச் சொல்லல. ஏன் சொல்லல? நல்லா இருந்துச்சு. எங்கப்பன் தலையில சைக்கிள வச்சவனுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும் இப்ப. அதான் கேவலம்." கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

வார்டில் மொனிர் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் கிடந்தான். தொடை வரை மாவுக்கட்டு. எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். தங்கராஜு விளிம்பில் உட்கார்ந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் முந்திக்கொண்டான்.

"அங்கிள், மோட்டார் ரொசாக். சாயா சாலா, அங்கிள்." மோட்டார் கெட்டுப்போச்சு, என் தப்பு என்கிறான். கால் உடைந்து கிடப்பவன் மன்னிப்புக் கேட்கிறான்! தங்கராஜு பாத்திரத்தைத் திறக்கப் பார்த்தார். கொக்கி கழலவில்லை.

"ஒன் தப்பு இல்லடா," என்றார். "நான் சொன்னது தப்பு. நான் சொன்னது எல்லாமே தப்பு."

அவனுக்கு அது புரிந்ததோ என்னவோ! அவன் கண் எங்களைத் தாண்டி வாசலுக்குப் போயிருந்தது. கம்பெனிச் சின்னம் போட்ட குளிர்ச்சட்டையோடு யுவனேஸ்வரி உள்ளே வந்துகொண்டிருந்தாள். தகப்பனைக் கண்டதும் நடை தயங்கியது. மொனிர் கட்டில் கம்பியை எட்டிப் பிடித்தான். மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, எழுந்து நிற்க முயன்றான். ஒரு கை நெற்றிக்குப் போய்க்கொண்டிருந்தது. தங்கராஜுவும் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். எழுந்தவர் திரும்பி அவனைப் பார்த்தார்.

பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. அவர் கட்டிலின் மேலேயே உட்கார்ந்து, அவன் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினார். "ஜாங்கான் பாங்குன்! எந்திரிக்காதடா!"

"தொரை, அங்கிள்... தொரை..."

"புக்கான் தொரை!" வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. இத்தனை பெரிய குரல் அவரிடம் இருக்கிறதா என்று நானே பயந்துவிட்டேன். "தொரை இல்ல. அனாக் சாயா. எம் மவ. எம் மவடா அது!"

யுவனேஸ்வரி கட்டில் காலடியில் நின்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை. மொனிர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தலையணையில் சாய்ந்தான். அவள் குனிந்து, உருண்டு கிடந்த பாத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அருகில் வந்தாள்.

"விடுங்கப்பா," என்றாள் மெதுவாக. "அவனுக்கு வெலாவுல அடி. வலிக்கும்."

மொனிர் எப்போதோ படுத்துவிட்டான். அவர் கை மட்டும் அவன் நெஞ்சை அழுத்தியபடியே இருந்தது.